சூட்டில் போட்ட ஸ்கேன் படம்

மார்ச் 4, திங்கள்
முட்டி வலி. கடையில் லேமினேட் மெசினும் நானும் ஒரே ரகம் – சூடேற அஞ்சு நிமிசம் ஆகும்.

தனேஸ்வரி வந்தாள், கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவள். கல்யாணமாகிப் பதினோரு வருசம். ரோஸ் நிறக் கர்ப்பிணி கிளினிக் புத்தகத்தை நகலெடுக்க நீட்டிவிட்டு, "யார்கிட்டயும் சொல்லிடாதீங்கக்கா. மாமியாருக்கே இன்னும் சொல்லல" என்றாள். என் வாயைப் பற்றிக் கோலசிலாங்கூர் ஊருக்கே தெரியும். இவளுக்கு மட்டும் எப்படித் தெரியாமல் போனது?

புத்தகத்துக்குள் ஸ்கேன் படம். மெசின் பக்கம் திரும்பி நின்று போனில் ஒரு கிளிக். ராசா ஊரில் இருக்கும் தங்கச்சி பிளோரன்சுக்கு அனுப்பினேன். ஒருத்திக்குத்தானே.

மார்ச் 9, சனி
ஜெராமில் மீன் வாங்கப் போனால், மீன் விற்கும் வள்ளியம்மா தனேஸ்வரி கதையை என்னிடமே சொல்கிறாள். பிளோரன்சைக் கூப்பிட்டுக் கேட்டேன். "நான் ஒருத்திகிட்டதான்லா சொன்னேன்." குடும்ப வழக்கம்.

மார்ச் 21, வியாழன்
பிள்ளை தங்கவில்லையாம். நாலு மாசம்.

ஊர்க் கண்ணு பட்டுவிட்டது, யார் வெளியே சொன்னது என்று மாமியார் கேட்டுக்கொண்டிருக்கிறாளாம். நான் கோயிலுக்குப் போய் ஜெபம் சொல்கிறவள், கண்ணுபடுவதையெல்லாம் நம்புவதில்லை. ஆனாலும் போனில் இருந்த படத்தை அழித்தேன். அழித்துவிட்டு ஏன் கை கழுவினேன்?

ஏப்ரல் 2, செவ்வாய்
தனேஸ்வரி அந்த ஸ்கேன் படத்தோடு வந்தாள். கையிலேயே வைத்திருந்து ஓரமெல்லாம் மங்கிப்போயிருக்கிறது. "எனக்கு இது ஒன்னுதான்க்கா இருக்கு." லேமினேட்டைச் சூட்டில் போடுவதா, சூடில்லாமல் ஒட்டுவதா, எது ரொம்ப நாள் தாங்கும் என்று கேட்டாள்.

"சூடுதான்" என்றது வாய். பதினாறு வருசப் பழக்கம். சர்டிபிகேட், ஐசி அடையாள அட்டை நகல் எல்லாம் சூட்டில்தான். ஓரம் இறுகிக்கொள்ளும், தண்ணி போகாது. ஒட்டும் பிளாஸ்டிக் என்றால் பொறுமை வேண்டும், காற்றுக் கொப்புளம் வரும். எனக்கோ அவள் முகத்தைப் பார்க்காமல் சீக்கிரம் முடித்தால் போதும். பேங்குக்குப் போய்விட்டு வருகிறேன் என்று போனாள்.

ஸ்கேன் தாளும் பெட்ரோல் ரசீதும் ஒரே சாதித் தாள். சூடு பட்டால் கறுக்கும். போன தீபாவளிக்கு ஒருத்தர் ரசீதோடு வந்தபோது நானே பாடம் நடத்தி அனுப்பினேன். நானே!

மெசினின் மறுபக்கம் வெளியே வந்தது ஒரு கறுப்புத் தாள். பளபளவென்று, ஓரமெல்லாம் கச்சிதமாக.

அவள் திரும்பி வந்ததும் மெசின் கெட்டுப்போச்சு, வெள்ளிக்கிழமை வா என்றேன்.

ஏப்ரல் 3, புதன்
பிளோரன்ஸ் எதையும் அழிக்க மாட்டாள். ஏழு வருசத்து ரோசாப்பூ குட்மார்னிங்கூட வைத்திருக்கிறாள். கேட்டதும் படம் வந்துவிட்டது.

படத்தின் கீழ் மூலையில் என் கட்டைவிரல். இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்போடு. அதை வெட்டினால் பிள்ளையின் காலும் போகும்.

வெட்டலாமா? கால் இல்லாவிட்டால் என்ன, முகம் இருக்கிறதே – சீ, என்ன பொம்பள நான்.

ஏப்ரல் 5, வெள்ளி
காலையில் பிரிண்ட் எடுத்தேன். இங்க் படம், கறுக்காது. ஆனாலும் சூடு காட்டவில்லை. ஒட்டும் பிளாஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக உரித்து, ரூலரால் தள்ளித் தள்ளி ஒட்டினேன். அப்படியும் ஒரு கொப்புளம்.

கறுத்ததையும் புதுசையும் மேசையில் வைத்தேன். தனேஸ்வரி புதுசை எடுத்து அதன் மூலையைத் தொட்டாள்.

"இது உங்க விரலு."

"ஆமா."

"அப்போ சொன்னது நீங்கதான்."

ஆமா என்றேன். பிளோரன்சுக்கு அனுப்பியது, ஜெராம் வரை போனது, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டியிருந்தால் தேவலை. கறுத்ததையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஏப்ரல் 12, வெள்ளி
தனேஸ்வரி இப்போது நகலெடுப்பது எதிர்க்கடையில். என் பக்கம் திரும்புவதில்லை. முட்டி வலி.

ஏப்ரல் 29, திங்கள்
தனேஸ்வரியின் வீட்டுக்காரர் ரவீந்திரன் வந்தார். கையில் அதே படம், ஒரு ஓரம் பிரிந்திருக்கிறது. "இங்கதான் குடுக்கணும்னு சொன்னா. சூடு காட்டாமப் பண்ணுவீங்களாம்."

புது பிளாஸ்டிக் போட்டேன். விரலை மட்டும் கறுப்பாக்கி மறைத்துப் புதுசாக எடுத்துத் தரவா என்று கேட்டேன். அதையும் அவள் சொல்லி அனுப்பியிருக்கிறாள்: எதையும் தொட வேண்டாமாம்.

சாயங்காலம் பிளோரன்ஸ் கூப்பிட்டாள். அங்க என்னக்கா விசயம், அந்தப் படத்தை எதுக்குக் கேட்ட, என்று குடைந்தாள்.

இன்றைக்கு ஜெராமில் என்ன மீன் வந்தது என்று சொன்னேன்.