உயரம், நிறை, சப்பாத்து அளவு

பிறம்ரன்
6 ஜனவரி 2025

அன்புள்ள மச்சாள் ஜெயமலருக்கு,

இங்கே நாங்கள் சுகம். அங்கே நீங்களும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொல்லாமல் ஏன் மெனக்கெட்டு ஈமெயில் எழுதுகிறாள் என்று யோசிப்பீர். போன் என்றால் உமது மனுசன், அதுதான் என் அண்ணை, அதை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நடுவில் வந்து நியாயம் கதைப்பார். அவரை வைத்துக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் ஒரு விஷயத்தையாவது முடிவு செய்த சரித்திரம் உண்டா? எழுத்தென்றால் அவர் முதலில் கண்ணாடியைத் தேட வேண்டும்.

பெப்ரவரியில் குடும்ப தினத்து நெடுவிடுமுறை வருகிறது. இந்த முறை இரண்டு வீட்டாரும் சேர்ந்து பனிச்சறுக்கப் போவோம். இத்தனை வருஷமாக இந்தப் பனியை வாசலில் இருந்து வாரி வாரிக் கொட்டியிருக்கிறோமே தவிர, ஒருநாளாவது அதில் விளையாடியிருக்கிறோமா?

மூன்று இடம் பார்த்தேன். கொலிங்வூட் பக்கத்துப் பெரிய மலை பேர்போனது. ஆனால் என்னைப் போன்றவர்கள் உருண்டால் அடிவாரத்தில்தான் பொறுக்கி எடுக்க வேண்டும். நகரத்துக்குள் இருக்கும் மேடு கிட்ட, ஆனால் தங்க இடமில்லை, பனியும் பாதி தண்ணி. ஒறிலியாவுக்கு அங்கால் உள்ள சின்ன மலைதான் புதிதாகப் பழகுகிறவர்களுக்குத் தோது. சரிவு கிட்டத்தட்டத் தட்டை. மேலே போக அந்தரத்தில் தொங்கும் கதிரையில் ஏறத் தேவையில்லை. விமான நிலையத்தில் இருப்பதைப்போல நிலத்தில் ஒரு பட்டி ஓடும், அதில் ஏறி நின்றால் போதும். சொல்லித் தருகிறவர்களும் நல்ல பொறுமைசாலிகள். கீழே சூடான மண்டபம், பெரிய கண்ணாடி ஜன்னல். அண்ணையும் நீரும் சறுக்க வரமாட்டீர்கள் என்று தெரியும். அங்கே இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு எங்களைப் பார்த்துச் சிரியுங்கள்.

சறுக்குப் பலகைகளை வாடகைக்கு எடுக்க முன்கூட்டியே பதிய வேண்டும். சுபாங்கியின் உயரம், நிறை, வயது, சப்பாத்து அளவு எல்லாவற்றையும் அனுப்பும். உமது மகள் என்னோடு கோபமல்லவா, அதனால்தான் உம்மிடம் கேட்கிறேன்.

அன்புடன்,
பரிமளம்


யூனியன்வில்
9 ஜனவரி 2025

அன்புள்ள மச்சாள் பரிமளத்துக்கு,

உமது கடிதம் கிடைத்தது. வாசிக்கத் தொடங்கும்போது சந்தோஷமாகத்தான் இருந்தது. கடைசிப் பந்திக்கு வந்ததும் எனக்கு மூக்கில் வியர்த்துவிட்டது.

உயரம், நிறை, வயது. ஒரு பெண்பிள்ளையைப் பற்றி இதையெல்லாம் எங்கள் ஆட்கள் எப்போது கேட்பார்கள் என்று எனக்குத் தெரியாதா? படத்தையும் பிறந்த நேரத்தையும் கேட்க மறந்துபோனீரோ? காலில் பூட்டுகிற பலகைக்குக் கால் அளவு போதும். நிறை எதற்கு?

போன வருஷம் உமது மிதுஷாவின் பிறந்தநாளுக்கு மண்டபத்தில் நடந்ததை நான் மறக்கவில்லை. எங்கள் மேசையில் ஒரு கதிரையைக் கூடுதலாகப் போட்டு, மிசிசாகாவிலிருந்து ஒரு என்ஜினியர் பெடியனைக் கொண்டுவந்து இருத்தினீர். அவனுடைய தாய் பக்கத்து மேசையிலிருந்து சுபாங்கி சாப்பிடுவதைக் கண்வெட்டாமல் பார்த்தா. வீட்டுக்கு வந்ததும் பிள்ளை, "அம்மா, நீங்களும் சேர்ந்துதானே இதைச் செய்தனீங்கள்?" என்று கேட்டாள். நான் எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. மாதக்கணக்கில் எனக்கு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. கடைசியில், "இனி உனக்குத் தெரியாமல் ஒருத்தரும் உன்னைப் பார்க்க வரமாட்டினம், இது அம்மான்ர வாக்கு" என்று சொல்லித்தான் அவளைத் திரும்பப் பெற்றேன். அந்த வாக்கு இன்னொரு தரம் தவறினால் நான் பிள்ளையையே இழந்துவிடுவேன், மச்சாள். இது விளையாட்டில்லை.

ஆகவே உண்மையைச் சொல்லும். ஏன் அந்தச் சின்ன மலை? அங்குள்ளவர்கள் பொறுமைசாலிகள் என்று உமக்கு யார் சொன்னது? பெரிய கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் வேறு யார் யார் இருந்து பார்க்கப் போகிறார்கள்?

இப்படிக்கு,
ஜெயமலர்


பிறம்ரன்
12 ஜனவரி 2025

அன்புள்ள சந்தேகப் பிராணிக்கு,

உமது கடிதத்தை வாசித்துச் சிரித்ததில் தேத்தண்ணி புரைக்கேறி, இவர் வந்து தலையில் தட்ட வேண்டியதாகிவிட்டது. அந்த மண்டபத்துக்கு ஜன்னல் வைத்ததும் நான்தான் என்பீர் போலிருக்கிறது.

பிறந்தநாள் அன்று நான் செய்தது பிழை. அதற்கு அப்போதே காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டேன். அதை ஊறுகாய் போட்டு வைத்துக்கொண்டு வருஷா வருஷம் தொட்டுக்கொள்ளாதேயும்.

நிறை எதற்கென்று எனக்கும் சரியாகத் தெரியாது. வாடகைக் கடைக்காரர் எல்லோரிடமும் கேட்கிறார்கள். என்னுடையதையும் கொடுத்தேன், அது இவருக்குக்கூடச் சொல்லாத இரகசியம். மிதுஷாவினதும் கொடுத்தேன். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கும் நான் மாப்பிள்ளை பார்க்கிறேனாக்கும்?

பொறுமைசாலிகள் என்பது வேலையிடத்தில் கேள்விப்பட்டது. அவ்வளவுதான். அளவுகளை அனுப்பும்.

அன்புடன்,
பரிமளம்


யூனியன்வில்
18 ஜனவரி 2025

அன்புள்ள மச்சாள்,

நீர் ஒரு விஷயத்தைக் கேள்விப்பட்டால் யார் சொன்னது, எங்கே நின்று சொன்னது, அப்போது அவர் என்ன உடுத்தியிருந்தார் என்பதுவரை எழுதுகிறவர். இதற்கு மட்டும் ஒற்றை வரி. எனக்கு அது செரிக்கவில்லை.

இன்னும் கேளும். குளிர் என்றால் போர்வைக்குள் புகுந்துகொள்கிற என் மகள் நேற்று நீல நிறத்தில் புதுப் பனிக்கோட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். "அம்மா, கட்டாயம் போவம். இட்ஸ் கோயிங் டு பி ஃபன்" என்கிறாள். உமது பெயரை எடுத்தாலே மேசையை விட்டு எழும்புகிறவள்! மிதுஷாவை வைத்தோ வேறு எப்படியோ அவளை மயக்கிவிட்டீர். பாவம், அவளுக்கு ஒன்றும் தெரியாது. துள்ளிக்கொண்டு திரிகிறாள்.

என்னோடு வேலை செய்யும் செலீனைத் தெரியும்தானே, எங்கள் வீட்டு விசேஷங்களில் கண்டிருப்பீர். அவள் போன கிழமை மிசிசாகாவில் ஒரு கோப்பிக் கடையில் உம்மைக் கண்டாளாம். முன்னால் ஒரு அம்மா இருந்தாவாம். இரண்டு பேரும் தலையோடு தலை முட்ட ஒரு போனில் படம் பார்த்தீர்களாம். யார் அவா? அந்த என்ஜினியரின் தாயா, வேறொரு தாயா? எத்தனை தாய்மாரைக் கைவசம் வைத்திருக்கிறீர்?

சுபாங்கியை யாருக்கும் காட்டப் போவதில்லை என்று சத்தியம் பண்ணி எழுதும். அதன் பிறகு யோசிக்கிறேன்.

ஜெயமலர்


பிறம்ரன்
21 ஜனவரி 2025

அன்புள்ள மச்சாள்,

சத்தியமாக எழுதுகிறேன். சுபாங்கியை நான் யாருக்கும் பெண் காட்டப் போவதில்லை. அவளுக்கு விருப்பமில்லாத ஒன்றும் அங்கே நடக்காது. இதற்கு மேல் என்னைக் கேட்காதேயும்.

கோப்பிக் கடையில் இருந்தது அன்ரனெற் என்ற சிநேகிதி. ஞாயிறு தவறாமல் சேர்ச்சில் பூசைக்குப் போகிற வேதக்கார மனுசி. எங்கள் பகுதியில் பொம்பிளை தேடுகிற ஆளில்லை.

ஒன்று சொல்கிறேன். கனடாவுக்கு வந்த புதிதில் ஒரே அப்பார்ட்மென்ரில், ஒரே குசினியில், ஒரு சட்டியில் சமைத்துச் சாப்பிட்டவர்கள் நாங்கள். நீர் செலீனிடம் துப்புக் கேட்கிற அளவுக்கு நான் உமக்கு அந்நியமாகிப்போனது மனதுக்குள் குத்துகிறது.

நெடுவிடுமுறைக்குப் பலகைகள் முடிந்துவிடுமாம். இன்றைக்கே அனுப்பும்.

பரிமளம்


யூனியன்வில்
22 ஜனவரி 2025

மச்சாள்,

"இதற்கு மேல் கேட்காதேயும்" என்று எழுதிவிட்டீர். பிறகு நான் என்ன கேட்க?

உமது அண்ணை போகத்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். ஆகவே வருகிறோம். சுபாங்கியின் உயரமும் வயதும் உமக்கே தெரியும், தூக்கி வளர்த்தவர். சப்பாத்து ஏழு. நிறை எண்பது கிலோ. யாருக்குக் கொடுக்க வேண்டுமோ கொடும். அவளிடம் கேட்டுச் சரிபார்க்கத் தேவையில்லை.

ஜெயமலர்


பிறம்ரன்
23 ஜனவரி 2025

அன்புள்ள மச்சாள்,

கிடைத்தது, பதிந்துவிட்டேன். ஆனால் எண்பதா? பிறந்தநாளில் கண்டபோது ஊதினால் பறக்கிற பிள்ளையாக இருந்தாளே. வீட்டோடு இருந்து படித்ததில் உடம்பு வைத்துவிட்டதாக்கும். தாய்க்குத் தெரியாததா? நீர் சொன்னால் சரி.

வரும்போது தடித்த காலுறை கொண்டு வாருங்கள். மரக்கறி ரொட்டி என் பொறுப்பு.

அன்புடன்,
பரிமளம்


பிறம்ரன்
19 பெப்ரவரி 2025

ஜெயமலர்,

பிள்ளைக்குக் கால் நோ குறைந்ததா? அண்ணை என் போனை எடுக்கிறார் இல்லை. சுபாங்கியும் எடுக்கவில்லை. ஆகவே உமக்கு எழுதுகிறேன்.

நீர் அந்த ஜன்னலடியில் இருந்ததைச் சரிவில் நின்று நான் கண்டேன். நீர் பிள்ளையைப் பார்க்கவில்லை. அவளை யார் பார்க்கிறார்கள் என்றுதான் சுற்றிச் சுற்றிப் பார்த்தீர். அதனால் அவள் விழுந்ததை நீர் காணவில்லை. சின்னதாகத்தான் விழுந்தாள். அன்று முழுக்க மிதுஷா அதைப்போல விழுந்து விழுந்து எழும்பினாள். விழும்போது பலகை சப்பாத்திலிருந்து தானாகக் கழன்றுவிட வேண்டுமாம். மிதுஷாவுக்குக் கழன்றது. சுபாங்கிக்குக் கழலவில்லை. பலகை திரும்பிய பக்கம் முழங்காலும் திரும்பிவிட்டது.

முதலில் ஓடிவந்து, சப்பாத்தைப் பலகையோடு பிடிக்கிற பூட்டைக் கழற்றியவன் ஜோசுவா. அங்கே வார இறுதிகளில் புதியவர்களுக்குச் சறுக்கப் பழக்குகிறவன். அன்ரனெற்றின் மகன். சுபாங்கி விரும்புகிற பெடியன்.

ஓம், இதைத்தான் உம்மிடம் மறைத்தேன். ஒக்ரோபரில் அவளாகவே எனக்குப் போன் எடுத்தாள். "மாமி, அம்மாவும் அப்பாவும் முதல்ல அவனை ஒரு ஆளாக் காணட்டும். சேர்ச்சுக்குப் போற ஆக்கள் எண்டதைப் பிறகு சொல்லுவம், பிளீஸ்" என்று கெஞ்சினாள். என்னோடு கோபம் என்பதெல்லாம் உங்களுக்கு முன்னால் போட்ட வேஷம், அளவுகளை உம்மிடம் கேட்டதும் அந்த வேஷத்துக்காகத்தான். அவள் கேட்டதால்தான் அந்த மலை. பெண் காட்டவில்லை என்று நான் பண்ணிய சத்தியம் பொய்யில்லை, பெடியனைத்தான் காட்ட இருந்தேன். இப்போது அது எனக்கே கேவலமான சாட்டாகத் தெரிகிறது.

ஜோசுவா பூட்டைப் பார்த்துவிட்டு, "ஆர் இதை இவ்வளவு இறுக்கினது? இது எண்பது கிலோ ஆளுக்கு வைக்கிறது" என்றான். நிறையைப் பார்த்துத்தான் அதை இறுக்குவார்களாம். அதற்குத்தான் கேட்டிருக்கிறார்கள். அன்றைய சனக்கூட்டத்தில் கடையில் நின்றவர் பதிந்ததைப் பார்த்து இறுக்கினார், இவளும் பாராமலே கையெழுத்துப் போட்டாள்.

ஆஸ்பத்திரியில் அண்ணை, "எண்பது எண்டு ஆர் குடுத்தது?" என்று கத்தியபோது நீர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றீர். அந்த முகத்தைக் கண்டதும் எனக்கு விளங்கிவிட்டது. "அம்பதை எண்பது எண்டு நான் மாறி அடிச்சுப்போட்டன்" என்று சொன்னேன். அதற்கு அண்ணை பேசிய பேச்சு உமக்கும் கேட்டது.

அது அப்படியே இருக்கட்டும். எனக்கும் இதில் பங்குண்டு. எண்பது என்று கண்டதும் பிள்ளையிடம் கேட்டிருக்கலாம். உடம்பு மொத்தமாகிவிட்ட கவலையில் இருப்பாள், நிறையைக் கேட்டு ஏன் நோகடிக்க வேண்டும் என்று விட்டுவிட்டேன். அன்று காலையில் கண்டபோதும் அந்தப் பெரிய கோட்டைத்தான் கண்டேன், பிள்ளையைக் காணவில்லை.

ஆனால் கோபத்தோடு ஒன்று கேட்கிறேன். என்னை அவ்வளவு கூடாதவளாகவா நினைத்தீர்?

பரிமளம்


யூனியன்வில்
23 பெப்ரவரி 2025

அன்புள்ள பரிமளம் மச்சாளுக்கு,

உடனே பதில் எழுத எனக்குத் துணிவு வரவில்லை.

ஓம், அவ்வளவு கூடாதவராகத்தான் நினைத்தேன். எண்பது என்று எழுதும்போது, யாரோ ஒரு தாய் அதைப் பார்த்து முகத்தைச் சுளித்துக்கொண்டு வேறு வீடு பார்க்கப் போவாள் என்று நினைத்தேன். என் கெட்டித்தனத்தை மெச்சி எனக்குள் சிரித்தேன். பலகைக் கடை என்று ஒன்று உண்மையிலேயே இருக்கும் என்று என் மண்டைக்குள் ஏறவேயில்லை.

நேற்று மத்தியானம் சாப்பிடும்போது சுபாங்கி, "ஒரு நம்பரை ஒழுங்கா அடிக்கத் தெரியாத மாமியை நம்பினது என்ர பிழை" என்றாள். உமது அண்ணை தலையாட்டினார். நான் கறிச்சட்டியோடு பக்கத்தில் நின்றேன். உம்மை அவர்கள் அப்படிச் சொல்ல, நான் கறி பரிமாறிக்கொண்டு நிற்கிறேன். என்னால் தாங்க முடியவில்லை. "மாமி பிழையா அடிக்கேல்லை. நான்தான் குடுத்தனான். பொய் எண்டு தெரிஞ்சுதான் குடுத்தனான்" என்று சொல்லிவிட்டேன்.

உமது அண்ணை சாப்பாட்டுக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு மேலே போய்விட்டார். சுபாங்கி, "அம்மா, ஆர் யூ சீரியஸ்?" என்று கேட்டாள். ஏன் செய்தேன் என்று சொன்னேன். அவள், "எனக்குத் தெரியாமல் ஒண்டும் நடக்காது எண்டு சொன்னது நீங்கள்தானே" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் பக்கத்தில் போயிருப்பேன். பிறகு, "கொஞ்ச நாளைக்கு நான் மாமி வீட்ட இருக்கப் போறன்" என்றாள்.

ஒப்பரேசன் ஏப்ரலில். அதுவரை படி ஏறக்கூடாது. உமது வீட்டில் கீழே அறை இருக்கிறது, அது நல்லது. படுக்கும்போது காலுக்குக் கீழே தலையணை வைக்க வேண்டும். நோக் குளிசையை வெறும் வயிற்றில் கொடுக்காதேயும். சாப்பிட்டேன் என்று பொய் சொல்லுவாள், நம்பாதேயும்.

ஜோசுவா வந்தால் வரட்டும். அன்று நான் மண்டபத்திலிருந்து ஓடிவந்தபோது அவன் பனிக்குள் முழந்தாளிட்டு அவளுடைய காலைப் பிடித்துக்கொண்டிருந்தான். தமிழில் அவளோடு கதைத்ததைக் கேட்டதும், நீர் கொண்டுவந்த மாப்பிள்ளை இவன்தான் என்று நினைத்து, "ஆர் தம்பி நீர்? கையை எடும்!" என்று சத்தம் போட்டேன். அவன் கையை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் கால் இன்னும் மோசமாகியிருக்கும் என்று டொக்டர் சொன்னார். நான் வருந்துகிறேன் என்று அவனிடம் சொல்லும். மற்றதைப் பற்றி இப்போது என்னால் ஒன்றும் சொல்ல முடியாது.

நாளை பின்னேரம் உமது அண்ணை அவளைக் கூட்டிக்கொண்டு வருவார். உடுப்புப் பையை நான்தான் அடுக்கினேன். நானும் கூட வருவேன், ஆனால் காருக்குள்ளேயே இருப்பேன். நீர் வாசலுக்கு வந்து கூப்பிட்டால் இறங்குவேன்.

ஜெயமலர்