மூடினால் அணையும் பெட்டி

தைபே, மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். போனில் பேசினால் சண்டை வருகிறது, இனி எழுதித்தான் பேச வேண்டும் என்பது அம்மாவின் தீர்ப்பு. எழுதினாலும் அதையேதான் சொல்வேன்: நீ பேங்க் வேலையை விட்டது பைத்தியக்காரத்தனம். சரி, விட்டாச்சு.

நீ கிராபிக்ஸ் செய்யும் பொம்மலாட்டத் தொடரின் போர்க் காட்சிக்கு உன் கம்ப்யூட்டர் வேகம் போதாது. பிராசசரை மாற்ற வேண்டாம், இருப்பதையே கூடுதல் வேகத்தில் விரட்டலாம். ஆனால் நீ படம் அனுப்பிய கலர் விளக்கு மதர்போர்டு வேண்டாம். அது போர்டு இல்லை, இரவுச் சந்தைக் கடை. பிராசசருக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் இடத்தில் கனமான அலுமினியக் கட்டி உட்கார்ந்திருக்க வேண்டும். வேகம் கூடினால் முதலில் கொதிப்பது அங்கேதான். மெமரி நாலு குச்சி செருகாதே. ஒரே செட்டாக வரும் ரெண்டு போதும். நாலு போட்டால் வேகத்தில் தடுமாறும். நானே தேர்ந்தெடுத்து பார்சல் அனுப்பியிருக்கிறேன். முதலில் பிராசசர் வேகத்தை மட்டும் கூட்டு. மெமரியையும் சேர்த்துக் கூட்டினால் எது கவிழ்த்தது என்று தெரியாது.

தம்பி தே-யுவான்


ஹுவேய், மார்ச் 8

அன்புத் தம்பி,

சாப்பிட்டியான்னு ஒரு வார்த்தை கேட்டா குறைஞ்சா போயிடுவ?

மாட்டினேன். குதிரை மாதிரி ஓடிச்சு, அம்மாகூட கைதட்டினாங்க. அப்புறம் பாதிக் காட்சியில பட்டுனு அணைஞ்சுது. மறுபடி போட்டேன், மறுபடி அணைஞ்சுது. தொடர் எடுக்கிற லூ மாஸ்டர் பதினெட்டாம் தேதிக்குள்ள போர்க்களம் வேணும்னுட்டார். இல்லேன்னா தைபே கம்பெனிக்குக் கொடுத்துடுவாராம். இதுதான்டா எனக்கு முதல் வேலை. இது போச்சுன்னா பேங்க் வாசல்ல போய் நிக்கணும். உனக்குச் சந்தோஷமா இருக்கும்.

அக்கா மெங்-ரூ


தைபே, மார்ச் 10

அக்கா,

பழைய மெமரியையும் சேர்த்துச் செருகினாய்தானே? உண்மையைச் சொல். மூடியைக் கழற்றிவிட்டு ரெண்டு குச்சியையும் தனித்தனியாகப் போட்டு ஓட்டு. பிறகு சேர்த்துப் போட்டு அதே காட்சியை ஓட்டு. மூடுவதற்கு முன்னால் உள்ளே இருப்பது இருக்கிறபடியே ஒரு படம் எடுத்து அனுப்பு.

ஒன்று சொல்லிவிடுகிறேன். உன் முதல் வேலை போவதில் எனக்குச் சந்தோஷமில்லை. போர்டைத் தேர்ந்தெடுத்தவன் நான்.

தே-யுவான்


ஹுவேய், மார்ச் 12

தம்பிக்கு,

அன்புள்ளன்னு எழுதக் கை வரலை. பழைய மெமரியை நான் ஏன் செருகப் போறேன்? உன் பார்சல்ல வந்த ரெண்டு மட்டும்தான் இருக்கு.

நீ சொன்னபடி தனித்தனியா ஓட்டினேன், சேர்த்தும் ஓட்டினேன். திறந்திருந்தா ஒரு குறையும் இல்லை, காட்சி முழுசா ஓடுது. மூடினா அணையுது. திறந்தே வெச்சுக்கலாம்னா அம்மாவோட பூனை உள்ள போய்ப் படுத்துக்குது. மூடுறதுக்கு முன்னால எடுத்த படம் இதோட இருக்கு. பார்த்துச் சீக்கிரம் சொல்லுடா, ராத்திரி சோறு இறங்கலை.

மெங்-ரூ


தைபே, மார்ச் 14

அக்கா! அக்கா!

படத்தில் அலுமினியக் கட்டிக்கும் காற்றாடிக்கும் நடுவில் செருகியிருக்கிறதே, பச்சைப் பாக்கெட் பொரி, அதை யார் வைத்தது? பேரும் ‘சமர்த்து’, நிறமும் பச்சை விளக்கு, மெஷின் சொன்ன பேச்சு கேட்டு ஓடட்டும் என்றுதானே? நான் சோதிக்கச் சொன்னபோதெல்லாம் அதைப் பயபக்தியோடு வெளியே எடுத்து வைத்திருப்பாய். முடிந்ததும் திரும்ப உள்ளே. காற்றே போகாமல் கட்டி கொதித்திருக்கிறது.

எங்கள் லேபிலும் எல்லா மெஷின்மேலும் பச்சைப் பாக்கெட் உண்டு, நான் சிரிக்க முடியாது. ஆனால் மேலே வைப்பார்கள் அக்கா, வயிற்றுக்குள் இல்லை!

எடுத்துவிட்டு மூடு. போர்டு தப்பு என்று நினைத்து வேலையில் கவனமே இல்லாமல் திரிந்தேன். இப்போதுதான் மூச்சு வருகிறது. சாப்பிட்டாயா?

தம்பி


ஹுவேய், மார்ச் 19

அன்புத் தம்பி,

சாப்பிட்டேன், ரெண்டு தட்டு.

வெளியே வெச்சா பூனை கிழிக்குதேன்னுதான் உள்ள வெச்சேன். எடுத்துட்டு மூடினேன், ஒரு தடவைகூட அணையலை. போர்க்களத்தைப் பதினேழாம் தேதியே கொடுத்துட்டேன். லூ மாஸ்டர் பொம்மையோட வாள்ல நெருப்பு வர்ற இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். அடுத்த மூணு பகுதியும் எனக்குத்தான்.

பாக்கெட்டை அம்மா பிரிச்சுத் தின்னுட்டாங்க. அடுப்புல வாட்டின மாதிரி மொறுமொறுன்னு இருந்துச்சாம்.

இனி போன்லயே பேசலாம்னு தீர்ப்பை மாத்திட்டாங்க. ஆனா எடுத்ததும் நீ சொல்ற முதல் வார்த்தை பேங்க்கா இருக்கக் கூடாதாம்.

அக்கா மெங்-ரூ