கடல் உள்வாங்கிய ஆடி அமாவாசை

மாமா, இன்று விடிகாலையில் ஜன்னலைத் திறந்தேன். குப்பென்று அந்த வாடை அடித்தது. கடல் உள்வாங்கிச் சேறு வெளியே கிடக்கும்போது வருமே, அழுகின பாசியும் நண்டுப் பொந்தும் ஈர மண்ணும் கலந்த வாடை, அதுதான். ஆடி மாதம், மேற்கிலிருந்து கச்சான் காற்று, நாளைக்கு அமாவாசை. பிறகு வராமல் எங்கே போகும்? உங்கள் மகள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னங்க, மூஞ்சியப் பொத்திக்கிட்டு நிக்கிறீங்க?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன். இத்தனை வருஷம் கழித்தும் அந்த வாடை பட்டால் எனக்குக் காது மடல் சுடுகிறது. நீங்கள் போய் இந்த ஐப்பசி வந்தால் ஒரு வருஷம். உயிரோடு இருக்கும்போது உங்களிடம் பேச முடியாததை இப்போது பேசிப் பார்க்கிறேன்.

உலகச் சண்டை தொடங்குவதற்கு முந்திய காலம் அது. உப்பு இலாகாவில் எனக்குக் குமாஸ்தா உத்தியோகம். கோட்டைப்பட்டினத்துக்கு வெளியே, கடலை ஒட்டின இந்தத் தெருவில்தான் அப்போதும் குடியிருந்தேன். அழகம்மையை முதல் பிரசவத்துக்கு உங்கள் வீட்டுக்கு, நார்த்தாமலைப் பக்கம், அனுப்பிவிட்டுத் தனியாகப் பொங்கித் தின்றுகொண்டிருந்தேன். பையன் பிறந்துவிட்டான், மூன்றாம் மாதம் கொண்டுவந்து விடுவீர்கள் என்று பார்த்தேன். மூன்று ஐந்தாயிற்று, ஐந்து ஏழாயிற்று. வாயைத் திறந்து கேட்டால், பெண்டாட்டி இல்லாமல் இருக்க முடியவில்லையாக்கும் என்று உங்கள் ஊரே சிரிக்கும். கேட்காமல் இருந்தால் பிள்ளையின் முகம் தெரியாமலே போய்விடும். அந்தச் சமயத்தில்தான் மாடு வாங்க வந்த உங்கள் ஊர்க்காரரிடம் சொல்லி அனுப்பினீர்கள்: "ஆடி அமாவாசைக்குக் கடல் குளிக்க வாரேன். ஊரையும் ஒரு பார்வை பாத்துக்கிட்டு, ஆவணியில அனுப்புறதப் பத்திப் பேசுவோம்."

ஊரைப் பார்க்க வருகிறீர்கள்! இந்த ஊரில் பார்க்க என்ன இருக்கிறது? கோபுரம் உண்டா, கடைத்தெரு உண்டா? கடல் என்று பேர், அதில் அலைகூடக் கிடையாது. இந்த ஊருக்கா என் மகளை அனுப்புவது என்று நீங்கள் கேட்டுவிட்டால் என் கதி என்ன? உங்களுக்கு எதை எதைக் காட்டுவது என்று ஆபீசில் உட்கார்ந்து யோசித்தேன். யோசிக்க யோசிக்க எனக்கே இந்த ஊர் பிடிக்காமல் போயிற்று.

அமாவாசைக்கு முதல் நாள் மத்தியானம் வந்து இறங்கினீர்கள். அறந்தாங்கி வரைக்கும் பஸ், அப்புறம் யாருடைய வண்டியிலோ தொற்றிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். உடம்பெல்லாம் புழுதி. கிணற்றடியில் தண்ணீர் இறைத்து ஒரு வாய் குடித்தீர்கள்.

"கரிக்குது போலருக்கே, மாப்ளே?"

"கொஞ்சம் கரிப்புத்தான் மாமா. பழகிரும்."

நீங்கள் மிச்சத் தண்ணீரையும் குடித்தீர்கள். துப்பியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

சாயங்காலம் உங்களைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். முதலில் உப்பளம். அந்தியில் உப்பு அம்பாரம் வெயில் பட்டு மின்னும், அதைப் பார்த்தால் எவனும் வாய்பிளப்பான் என்று கணக்குப் போட்டிருந்தேன். போய்ப் பார்த்தால், மழை வரும்போல இருக்கிறதென்று எல்லாவற்றையும் பனையோலை போட்டு மூடிவிட்டார்கள். ஓலைக் குவியல் வரிசையாகக் கிடந்தது. காற்றில் உப்புத்தூள் பறந்து உங்கள் கண்ணில் விழுந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டீர்கள்: "இதெல்லாம் ஒங்க பொறுப்புங்களா?"

"சர்க்கார் உப்பு மாமா. நான் கணக்கு எழுதுறதோட சரி."

"ம். நல்லாத்தான் இருக்கு."

அடுத்தது துறை. வள்ளங்கள் வரிசையாக நிற்கும், மீன் ஏலம் போடுவார்கள், கூச்சலாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டே அழைத்துப் போனேன். காற்று காரணமாக ஒரு வள்ளமும் கடலுக்குப் போகவில்லை. ஒரு கிழவி சூடைக் கருவாட்டைக் கூறு வைத்துக்கொண்டு ஈ ஓட்டினாள். "நல்லாத்தான் இருக்கு." பழைய சுங்கச் சாவடியைக் காட்டினேன். கூரை விழுந்து உள்ளே ஆடு கட்டியிருந்தது. அதற்கும் "நல்லாத்தான் இருக்கு." கடைசியில் கடலையே காட்டினேன். "அலை எங்கிட்டு மாப்ளே?" என்றீர்கள். இது பெண்கடல், அலையடிக்காது என்றேன். சற்று நேரம் பார்த்துவிட்டு அதையும் நல்லாத்தான் இருக்கு என்றீர்கள். அந்த ஒரு வார்த்தையை நீங்கள் சொல்லச் சொல்ல எனக்குக் கூசிப்போயிற்று. திட்டிவிட்டுப் போங்களேன் மாமா என்று கத்தலாம்போல இருந்தது.

ஒன்றை மட்டும் காட்டவில்லை. வீட்டுக்குத் திரும்பும்போது நேர்வழியை விட்டு உங்களைப் பனங்காட்டைச் சுற்றிக் கூட்டிவந்தேன். நேர்வழியில் மணல் ஊற்று இருந்தது. தெருவுக்கே குடிதண்ணீர் அதுதான். மணலில் குழி பறித்து, பெண்கள் குந்தி உட்கார்ந்து, ஊறுகிற தண்ணீரைக் கொட்டாங்கச்சியால் சுரண்டிக் குடத்தை நிரப்புவார்கள். என் மகள் இப்படி உட்கார்ந்து சுரண்டவா என்று நினைத்துவிடுவீர்களே என்று பயம். நான் மொண்டு வைத்திருந்த ஊற்றுத் தண்ணீரைக்கூட அடுப்படியில் மறைத்துவிட்டேன், எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்களென்று.

மறுநாள் அமாவாசை. சூரியன் கிளம்பும்போது முழுக வேண்டும் என்று நீங்கள் சொன்னீர்கள், பஞ்சாங்கமும் அதைத்தான் சொல்கிறது என்று நான் ஒத்து ஊதினேன். இந்தத் தெருக்காரர்கள் யாரும் அமாவாசையன்று நேரம் பார்ப்பதில்லை. தண்ணீர் வந்தால் குளிப்பார்கள். கச்சான் அடித்தால் தண்ணீரைக் கிழக்கே தள்ளிக்கொண்டு போய்விடும், வெயில் ஏறின பிறகுதான் திரும்பும். இங்கே வந்து இரண்டு வருஷமாகியும் எனக்கு அது மனதில் படவில்லை. நம்மைப்போல் உள்நாட்டிலிருந்து வருகிறவன்தான் கடலும் குளம்போல இருந்த இடத்தில் இருக்கும் என்று நம்பி இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு போவான்.

மேட்டில் ஏறி நின்றோம். கண்ணுக்கெட்டிய மட்டும் சேறு.

"கடல் எங்க மாப்ளே?"

"இங்கதான் மாமா இருந்துச்சு" என்றேன்.

இதைவிடக் கேவலமாக ஒருவன் பதில் சொல்ல முடியுமா? நீங்கள் சிரிக்கவில்லை. தூரத்தில் வெள்ளிக் கம்பிபோலத் தெரிந்த தண்ணீரைக் கைகாட்டி, "அந்தா இருக்குல்ல, நடப்போம்" என்று இறங்கிவிட்டீர்கள். முழங்கால் வரை சேறு வாங்கியது. வழி காட்டுகிறேன் என்று நான் முன்னால் போனேன். தண்ணீர் கணுக்காலைத் தொட்ட இடத்தில் சேற்றுக்குள் திருக்கை மீன் ஒன்று பதுங்கிக் கிடந்திருக்கிறது. மிதித்துவிட்டேன். வாலிலிருக்கும் விஷ முள்ளால் ஒரே போடு.

மாமா, அந்த வலியைச் சொல்லி முடியாது. உயிர் குதிகாலில் வந்து நின்றது. சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன். அம்மா அம்மா என்று அழுதேன், ஏங்கி ஏங்கி அழுதேன், சர்க்கார் உத்தியோகஸ்தன்! நீங்கள் முழுகவும் இல்லை, அமாவாசையை நினைக்கவும் இல்லை. குனிந்து, "தோளப் பிடிங்க" என்றீர்கள். வேண்டாம் மாமா, நீங்க போய் என்னை... என்று நான் இழுத்தேன். "அட ஏறுங்கன்னா!" என்று முதல்முதலாக என்னை அதட்டினீர்கள். மூட்டை தூக்குவதுபோலத் தோளில் போட்டுக்கொண்டு அந்தச் சேறு முழுக்க நடந்தீர்கள்.

கரையேறினால் கூட்டம். அறந்தாங்கிப் பக்கத்து வண்டிகள் எல்லாம் அப்போதுதான் வந்து அவிழ்த்துவிட்டிருந்தன. தெருப் பெண்கள் வேறு. மாமனார் மாப்பிள்ளைக்குக் கால் கழுவத் தண்ணீர் கொடுப்பார், இலை போடுவார், பேர் சொல்லிக் கூப்பிடக்கூட யோசிப்பார். வயசான மாமனார் தோளில் மாப்பிள்ளை ஏறிப் போவதை அந்தக் கடற்கரை கண்டதில்லை. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நான் உங்கள் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். திருக்கை இன்னொரு தடவை, நெஞ்சில் அடித்திருந்தால் தேவலை என்று நினைத்தேன்.

வழி தெரியாமல் நீங்கள் நேர்வழியில் போனீர்கள். ஊற்றில் வந்து நின்றீர்கள். அங்கே எங்கள் அடுத்த வீட்டுப் பாத்துமுத்து அக்கா தண்ணீர் மொண்டுகொண்டிருந்தார். பார்த்ததும், "அல்லாவே, திருக்கையா? கழுவிவிடுங்க பெரியவரே, நான் ஓடிப் போயி வெந்நி வைக்கிறேன். சூட்டுலதான் கடுப்பு அடங்கும்" என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார். நீங்கள் என்னை மணலில் உட்காரவைத்துக் கொட்டாங்கச்சியால் தண்ணீர் மொண்டு ஊற்றினீர்கள். சேறு போனதும் கையிலிருந்த தண்ணீரை ஏதோ நினைப்பில் வாயில் வைத்தீர்கள். இன்னொரு கொட்டாங்கச்சி மொண்டு குடித்தீர்கள்.

"மாப்ளே, இது இனிக்குதே."

"ஆமாங்க மாமா."

"கடலுக்குப் பக்கத்துலயா? கை அகலம் தோண்டுனா தண்ணியா? நாங்க பாறைய ஒடைச்சு ஒடைச்சு, ரெண்டு வருசமா கெணத்துல மண்ணுதான் அள்ளுறோம். இத ஏன் நேத்து காட்டல?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். நீங்கள் குழிக்குப் பக்கத்தில் குந்தி, தண்ணீர் ஊறுவதையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். என் முகத்தைப் பார்க்காமலே சொன்னீர்கள்:

"ஊரப் பாக்க வந்தேன்னு சொன்னது சும்மாங்க. வெள்ளாமை இல்ல. புள்ளைக்கு ஒரு அரைஞாண்கூட அடிக்க முடியல. வெறுங்கையோட எப்படிக் கொண்டாந்து விடுறதுன்னுதான் நாளக் கடத்துனேன். ஒங்க மொகத்தப் பாத்துச் சொல்லிரணும்னு வந்தேன். நேத்தெல்லாம் நீங்க அதக் காட்டுறேன் இதக் காட்டுறேன்னு ஓடுறீங்க, எனக்கு ஒண்ணும் கண்ணுல ஏறல. எப்படி ஆரம்பிக்கிறதுன்னே தெரியல."

எனக்குக் கால் வலி மறந்துவிட்டது. முதல் நாள் முழுக்க நீங்கள் என் ஊரை எடை போடுகிறீர்கள் என்று நான் நொந்துகொண்டிருக்க, நீங்கள் எனக்குப் பயந்துகொண்டு கூடவே நடந்திருக்கிறீர்கள். "புள்ளையோட வரட்டும் மாமா, வேற என்ன வேணும்?" என்றேன்.

ஆவணியில் வந்தீர்கள். அழகம்மை முன்னால், பையன் உங்கள் தோளில். பின்னால் வண்டிக்காரன் இறக்கி வைத்தது அரை மூட்டை வரகும் இரண்டு பூசணிக்காயும். பேறுகாலம் முடிந்து பெண் வந்தால் தாய்வீட்டுச் சீரைப் பாயில் பரப்பி வைப்பார்கள், தெருப் பெண்கள் வந்து பார்ப்பார்கள். இந்தத் தெருவில் அது தவறாது. நீங்கள் மூச்சு வாங்கி உட்காருவதற்குள் பாத்துமுத்து அக்கா பாயைக் கொண்டுவந்து கூடத்தில் விரித்தார். கெட்ட எண்ணமில்லை, வழக்கம். பெண்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். அக்காதான் கேட்டார்:

"எங்க தம்பி, சீரக் கொண்டாங்க. புள்ளைக்கு என்ன போட்டிருக்காக? பாப்போம்."

அழகம்மை பூசணிக்காயைப் பார்த்தாள். நீங்கள் எழுந்து நின்றுவிட்டீர்கள். துண்டு உங்கள் கையில் சுருண்டு கிடந்தது. வாயைத் திறந்தீர்கள். ஏதோ சொல்லப் போகிறீர்கள், சொன்னால் அதோடு நீங்கள் இந்த வாசலை மிதிக்க மாட்டீர்கள் என்று எனக்குத் தெரிந்தது.

"சீர் அமாவாசையன்னிக்கே வந்து எறங்கிருச்சே அக்கா! நீங்கதானே பாத்தீங்க, இவரு என்னையத் தோள்ல கொண்டாந்தாரே! எந்த மாமனாரு கொண்டாந்தாரு அப்படி?" என்றேன்.

சொன்னதோடு நிற்கவில்லை. யாரும் வாயெடுக்கக் கூடாது என்று முழுக் கதையையும் அவிழ்த்துவிட்டேன். கடல் இங்கதான் இருந்துச்சு என்று சொன்னதை, சேற்றில் உட்கார்ந்ததை, அம்மா என்று அழுததை, உங்கள் துண்டில் மூக்கைச் சிந்தியதை. நடந்ததற்கு மேலேயும் சேர்த்துக்கொண்டேன். நொண்டிக் காட்டினேன், அழுது காட்டினேன். தெருவில் யாரிடமும் நிமிர்ந்து பேசாத உப்பாபீஸ் குமாஸ்தா நான், பெண்கள் நடுவில் கூத்தாடினேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள். பாத்துமுத்து அக்காவுக்குப் புரை ஏறியது. "சரிதான், தோளேறி மாப்பிள்ளைன்னு பேரு வச்சிருவோம்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே பாயைச் சுருட்டிவிட்டுப் போனார். நீங்கள் மட்டும் சிரிக்கவில்லை மாமா. என்னையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள்.

அந்தப் பேர் நிலைத்துவிட்டது. சந்தையில் கூப்பிடுகிறார்கள், துறையில் கூப்பிடுகிறார்கள். போன மாதம் புதிதாக வந்த மேலதிகாரியோடு நடந்து போகும்போது கருவாட்டுக்காரி ஒருத்தி, "தோளேறி, சௌக்கியமா?" என்றாள். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது, பொய் சொல்ல மாட்டேன். பிள்ளைகளுக்கு விவரம் தெரிந்துவிட்டது, அவர்களும் முதுகுக்குப் பின்னால் சொல்லிச் சிரிக்கிறார்கள். ஆனால் இத்தனை வருஷத்தில் ஒருத்தரிடமும், என்னை அப்படிக் கூப்பிடாதே என்று நான் சொன்னதில்லை. கூப்பிட்டால், "என்ன?" என்று நின்று கேட்கிறேன்.