ஹெல்கா அம்மாவின் தம்பி

பிராங்பேர்ட்,
20.04.1997

அன்புள்ள மச்சாளுக்கு,

நாங்கள் சுகம். நீங்களும் பிள்ளைகளும் சுகமாயிருக்க இன்று பூசையிலும் மன்றாடினேன். என் மகள் பற்றிமா கோவிலில் முதல் நன்மை வாங்கியது நல்லபடி நடந்தது. நீங்கள் தைத்து அனுப்பிய வெள்ளைச் சட்டை அளவாக இருந்தது. அண்ணைக்குக் குளிர் பழகிவிட்டது. இங்கத்தைய ரொட்டிப் பாணை மட்டும் இன்னும் கடிக்கேலாத கல்லு என்கிறார்.

மே பத்தாம் திகதி அவர் உங்களிடம் வந்துவிடுவார். அதற்கு முன் ஒன்று எழுத வேண்டும்.

கீழ்வீட்டு ஹெல்கா அம்மா எழுபது தாண்டிய ஜெர்மன்காரி. நான் வேலைக்குப் போனால் பற்றிமாவைப் பார்ப்பவர் அவர்தான். இந்தக் கட்டடத்தில் எங்களுக்குத் திறக்கிற ஒரே கதவு அது. முதல் நன்மை விருந்துக்கு வந்த அவரைச் சந்தோஷப்படுத்த நினைத்து அண்ணை தன் ஆங்கிலத்தில், உங்கள் ஹிட்லர் பெரிய கெட்டிக்காரன், இங்கிலிஷ்காரனையே நடுங்க வைத்தவன் என்று சொல்லிவிட்டார். ஹெல்கா அம்மா கேக்கை அப்படியே வைத்துவிட்டு எழும்பிப் போனார். அதன் பிறகு கதவு திறக்கவில்லை. பற்றிமா மணி அடித்துப் பார்த்துவிட்டு அழுதுகொண்டு படியேறி வந்தாள்.

அண்ணையோடு சண்டை பிடித்தேன். "நான் என்ன பிழை விட்டனான் பிள்ளை? ஊரில சனம் கதைக்கிறதைத்தானே சொன்னனான்" என்றார். அது உண்மை. எங்கள் அப்புவும் அப்படித்தான் சொல்வார். எங்களை ஆண்டவர்களுக்கு எதிரி என்றதும் நல்லவன் என்று முடிவுகட்டினோம். மற்றவர்களுக்கு என்ன செய்தான் என்பது பரீட்சைக்குப் பாடமாக்கிய ஒரு வரி மட்டும்தான்.

மன்னிப்புக் கேட்க இருவருமாகப் போனோம். இந்த முறை கதவு திறந்தது. ஹெல்கா அம்மா ஒரு படத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அவருடைய தம்பி. பதினொரு வயது. வலிப்பு வரும், பேச்சுத் தெளிவில்லை. அப்படியான பிள்ளைகள் நாட்டுக்குப் பாரம் என்று கணக்குப் போட்ட ஆட்சி அது. 1941இல் ஆசுபத்திரியில் வைத்தே கொன்றுவிட்டு, நிமோனியா என்று வீட்டுக்கு அறிவித்தார்களாம்.

நான் தமிழில் சொல்லி முடித்ததும் அண்ணை, "வலிப்பு வந்ததுக்கோ? டொக்டர்மாரோ?" என்று கேட்டார். ஓம் என்றேன்.

மச்சாள், யார் கேட்டாலும் தனக்கு இரண்டு பெண்பிள்ளைகள் மட்டும்தான் என்று சொல்கிற மனுஷன் அண்ணை. விருந்திலும் அப்படித்தான் சொன்னார். ஆனால் ஹெல்கா அம்மாவின் மேசையடியில் பர்ஸின் உள்மடிப்பிலிருந்து உங்கள் ஜெனிஸ்டனின் படத்தை எடுத்தார். அது அவரிடம் இருப்பது உங்களுக்குத் தெரியுமா? "மை சன்" என்று சொல்லி, அந்தப் பிள்ளையின் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். ஹெல்கா அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இவனுக்கு என்ன சாப்பாடு விருப்பம் என்று கேட்டார். அது அண்ணைக்குத் தெரியாது.

இப்போது பற்றிமா பழையபடி கீழேதான். பின்னேரங்களில் அண்ணையும் போய்க் கோப்பி குடிக்கிறார். ஒருவர் சொல்வது மற்றவருக்குப் பாதிதான் விளங்கும். ஆனாலும் சிரிப்புச் சத்தம் மேலே வருகிறது. எனக்கு மனம் நிறைந்திருக்கிறது.

அண்ணையை எடுக்கக் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போகும்போது ஜெனிஸ்டனையும் கூட்டிப் போங்கள். நல்ல சேட்டுப் போட்டு, தலை வாரி, முன்னுக்கு நிறுத்துங்கள். சனம் பார்த்தால் பார்க்கட்டும். அந்த இடத்தில் வலிப்பு வந்தாலும் பயப்பட வேண்டாம். அண்ணை பிடித்துக்கொள்வார். மாதா துணையிருப்பாராக.

அன்புடன்,
வெரோனிக்கா