முன்வரிசையில் என் பாய்

அன்புள்ள வீட்டுக்காரருக்கு வணக்கம். சாமி புண்ணியத்தில் நான் சுகமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

சர்க்கரை நோயாளிகளுக்கு நம் மகள் நடத்தும் யோகா வகுப்பு அமோகமாகப் போகிறது. சமையலும் பாய் விரிப்பதும் என் வேலை. வியாழக்கிழமை என்னையும் வகுப்பில் உட்காரவைத்தாள். வெறும் வயிற்றோடு செய்ய வேண்டுமாம். நானோ வழக்கம்போல் சர்க்கரை மாத்திரையை விழுங்கியிருந்தேன். கடைசியில் பிணம்போல் படுக்கும் சவாசனம். சாமி பேரைச் சொல்லிக் கண்ணை மூடியவள் அப்படியே மயங்கிவிட்டேன்.

"எங்க அம்மாவைப் பாருங்க, ஒரு விரல்கூட அசையல. இப்படித்தான் படுக்கணும்" என்று எல்லாருக்கும் காட்டிப் போட்டோவும் எடுத்தாளாம். மற்றவர்கள் கிளம்பிய பிறகு, வகுப்புக்கு வரும் தையல்காரர்தான் குனிந்து பார்த்து, "ஏம்மா, இவங்க வேர்த்து நனைஞ்சு கிடக்காங்களே, இதுவும் ஆசனமா?" என்று கேட்டிருக்கிறார். அவர் தன் பையிலிருந்து எடுத்து என் நாக்கில் தடவிய குளுக்கோஸில்தான் கண் விழித்தேன்.

"நல்லவேளை, மத்தவங்க போயிட்டாங்க. வகுப்பு பேரே கெட்டிருக்கும்" என்றாள் மகள்.

அந்தப் போட்டோ இப்போது விளம்பரத்தில் இருக்கிறது. முகத்தில் அவ்வளவு அமைதி, நீங்களே மெச்சுவீர்கள். கவலைப்படாதீர்கள்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் கொஞ்சம் மிட்டாய் கொடுத்தனுப்புங்கள். என் உடம்பை நினைத்துச் சர்க்கரை டப்பாவைப் பூட்டி வைத்திருக்கிறாள். போனில் பேசும்போது, நீங்களாகச் சொல்வதுபோல் அவளிடம் சொல்லுங்கள், அம்மா அசையாமல் கிடந்தால் ஒரு தரம் கூப்பிட்டுப் பார்க்கட்டும்.

வாசலில் மணி அடிக்கிறது. இன்றும் என் பாயை முன்வரிசையில் விரிக்கச் சொல்லியிருக்கிறாள். புதிதாகச் சேர்ந்தவர்கள் என் சவாசனத்தைப் பார்க்கத்தான் வருகிறார்களாம்.