எண்ணெய்க் கை

செவ்வாய், இரவு.

உப்பளத்தில் இறங்குமுன், உப்பு அரிக்காமலிருக்கக் கைகாலில் எண்ணெய் தடவிக்கொள்வோம். மழைக்கு உப்பளம் மூடியதும் நூல் மில்லில் சேர்ந்தேன். இன்றுதான் என்னிடம் தனியாக மெஷின் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அந்தப் பதற்றத்தில், பழக்கப்படி எண்ணெய் தடவிக்கொண்டு போய்விட்டேன். பஞ்சு முறுக்கேறி நூலாகும்போது அறுந்தால் விரல் நுனியால் ஒட்டவேண்டும். நான் ஒட்டிய இடமெல்லாம் கறை.

"இன்னாம்மா இது? நாளைக்கும் இப்படி வந்தா, அப்படியே வீட்டுக்குப் போயிடு" என்று சூப்பர்வைசர் கத்தினார்.

"கழுவிட்டு வர்றேன் சார்."

சோப்பு போட்டுக் கழுவினேன். உப்பில் வெடித்த விரலில் பஞ்சு மாட்டி, நல்ல நூலும் அறுந்தது. நாளைக்கு எந்தக் கையோடு போவேன்?

வீட்டில் தூங்கும் மகளின் தலையைத் தடவினேன். அவள் முடியும் விரலில் மாட்டியது. தூக்கத்திலேயே முகத்தைச் சுளித்து, என் கையைத் தள்ளிவிட்டாள்.