சிவப்பு மைக் கையெழுத்து

ஜூன் 4

எட்டாம் வகுப்பு அறிவியல் ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வரும் கல்வியாண்டின் எட்டாம் வகுப்புத் துணைப்பாட நூலில் 'பாலத்தில் நாற்பத்தொரு நாள்' என்ற பாடம் சேர்க்கப்பட உள்ளது. பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன், சாய ஆலைக் கழிவு ஆற்றில் கலப்பதை எதிர்த்து உங்கள் ஊர் மக்கள் பாலத்தில் உட்கார்ந்து நடத்திய போராட்டம் பற்றியது அது. எழுதும் பொறுப்பு என்னிடம் தரப்பட்டுள்ளது. ஆற்றுத் தண்ணீரை உங்கள் மாணவர்கள் மாதந்தோறும் சோதித்து எழுதிய நோட்டு உங்களிடம் இருந்தால் அனுப்பி வைக்கவும்.

அந்த நோட்டில் தண்ணீர் கெட்டுப்போனதாக இருக்க, 'குடிக்க உகந்தது' என்று விசாரணைக் குழுவுக்குப் போன சான்றிதழில் நீங்கள் கையெழுத்திட்டது ஏன்? எங்கே வைத்துக் கையெழுத்திட்டீர்கள்? யாராவது வற்புறுத்தினார்களா? இம்மூன்றுக்கும் எழுத்தில் பதில் தேவை.

இப்படிக்கு,
தமிழ்ப் பிரிவு, பாடநூல் அலுவலகம்

பி.கு.: மேலே உள்ளது அலுவலகத்துக்கு. இது என் கையால் எழுதுவது. போன் செய்யலாம் என்றுதான் எடுத்தேன். நாம் பேசினால் மூன்றாவது நிமிடம் சண்டை வருகிறது, நான்காவது நிமிடம் நான் வைத்துவிடுகிறேன். எழுத்தில் குரல் உயராது. உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? கட்டிலுக்குக் கீழே குனிந்து செருப்புத் தேடாதீர்கள்.


ஜூன் 15

என் அன்புள்ள தமிழம்மாவுக்கு,

பள்ளிக்கூடமே உன்னை அப்படித்தான் கூப்பிட்டது. நானும் அப்படியே கூப்பிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. பதினோரு வருஷத்துக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு கடிதம், அதிலும் முக்கால்வாசி தட்டச்சு! பியூன் அரசாங்க உறையைப் பார்த்துவிட்டு, "சார், மறுபடியும் விசாரணையா?" என்று பயந்துபோய்க் கேட்டார். "ஆமாய்யா, இந்தத் தடவை வீட்டம்மா விசாரணை" என்றேன். மனுஷன் சிரித்தபடியே போனார்.

நோட்டைத் தனிப் பொட்டலமாக அனுப்பியிருக்கிறேன். அட்டை போய்விட்டது, உள்ளே எல்லாம் இருக்கிறது. ஐந்து வருஷம், அறுபது மாதம். ஒவ்வொரு மாதமும் ஒரு பிள்ளை படித்துறையில் இறங்கி ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்துவந்து, நிறம், நாற்றம், மீன் என்று மூன்று கட்டம் நிரப்ப வேண்டும். தண்ணீரில் ஒரு மீன்குஞ்சை விட்டு எவ்வளவு நேரம் இருக்கிறது என்று பார்ப்பது, பாவம், அந்த வயதுப் பையன்கள் கண்டுபிடித்த முறை. கடைசிப் பக்கத்தைப் பார். 'நிறம் கத்தரிப்பூ. நாற்றம் தாங்கல சார். மீன் 9 நிமிஷம்.' அதை எழுதியவன் இப்போது ஆம்புலன்ஸ் ஓட்டுகிறான்.

இனி உன் கேள்விகள். ஏன் என்றால், பயம். வேலை நிரந்தரமாகவில்லை. மகளுக்கு ஏழு வயது. போடாவிட்டால் அடுத்த மாதம் வேலை இல்லை என்று தலைமையாசிரியர் சொல்லியிருந்தார். எங்கே என்றால், வீட்டில். காலையில் பியூன் தாளைக் கொண்டுவந்து வாசலில் நின்றார். யாராவது வற்புறுத்தினார்களா என்றால், வேறு யாரும் இல்லை. நானே போட்டேன்.

மறுநாள் காலை அந்தத் தாளைக் காட்டித்தான் பாலத்திலிருந்து எல்லோரையும் இழுத்துப் போனார்கள். முப்பத்திரண்டு பேர் ஜெயிலுக்குப் போனார்கள். ஆலை இன்னும் ஆறு வருஷம் ஓடியது. இதையும் எழுதிக்கொள்.

முதுகு பரவாயில்லை. செருப்பை இப்போது கட்டிலுக்கு மேலேயே வைத்துக்கொள்கிறேன். நீ இருந்தால் நடக்குமா?

உன்,
நல்ல தண்ணி

(ஊர் வைத்த பெயர் இன்னும் போகவில்லை. பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் இதைத்தான் சொல்கிறார்கள்.)


ஜூலை 2

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதத்தைத் திருத்தி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். எட்டுப் பிழை. கல்யாணத்துக்கு முன்னால் எழுதிய கடிதங்களில் பதினைந்துக்குக் குறையாது, ஆக முன்னேற்றம்தான். பத்துக்கு ஆறு போட்டிருக்கிறேன். அந்தக் காலத்தில் சிவப்பு மையோடு திரும்பி வந்த காதல் கடிதங்களை ஒரு தகர டப்பாவில் வைத்திருந்தீர்களே, அது இருக்கிறதா? இல்லையென்றாலும் இருக்கிறது என்றே எழுதுங்கள்.

கட்டிலுக்கு மேலேயா செருப்பு? படித்ததும் பாதிச் சிரிப்பு, பாதி எரிச்சல்.

பாடம் படும் பாட்டைக் கேளுங்கள். தமிழ்க் குழு "இது வரலாறு" என்கிறது. வரலாற்றுக் குழு "மீன், நிறம், நாற்றம் எல்லாம் அறிவியல்" என்கிறது. அறிவியல் குழுவோ "ஜெயில், போராட்டம் எல்லாம் எங்களுக்கு எதுக்கும்மா வம்பு?" என்கிறது. சொந்தக்காரர் வீடுகளில் மாறி மாறி இருக்கும் பிள்ளை மாதிரி அது மூன்று அறைக்கும் போய்வருகிறது. நாற்பத்தொரு நாள் என்பதைச் 'சில நாட்கள்' என்று மாற்றச் சொன்னார் பாடநூல் குழுத் தலைவர். "வெயிலில் உட்கார்ந்தவர்களிடம் போய்க் கேளுங்கள், சில நாட்களா என்று" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். விட்டுவிட்டார்.

இப்போது வேறொரு சிக்கல். ஆவணக் காப்பகத்திலிருந்து அசல் சான்றிதழ் வந்திருக்கிறது. வரலாற்றுக்காரர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்து, "கையெழுத்து சிவப்பு மையில இருக்கே, எந்த ஆபீஸ்ல சிவப்புல போடுவாங்க? போலியா இருக்கப் போகுது" என்றார். போலி என்று சந்தேகம் வந்தால் அந்தப் பக்கத்தையே எடுத்துவிடுவார்கள். பக்கம் போனால் பாடத்தில் ஆறும் பாலமும்தான் மிஞ்சும், பொய் யார் சொன்னது என்பது இருக்காது. ஆகவே அது உங்கள் கையெழுத்துதான் என்றும், சிவப்பு மை எப்படி வந்தது என்றும் இரண்டு வரி எழுதி அனுப்புங்கள்.

உண்மையை எழுதுங்கள். எதுவானாலும் கோப்பில் வைப்பேன்.

தமிழம்மா


ஜூலை 12

அன்புள்ள தமிழம்மா,

இணைத்திருக்கும் தாளில் இருப்பது: 'கையெழுத்து என்னுடையது. கையில் கிடைத்த பேனா.' அவ்வளவுதான். மேற்கொண்டு கேட்டால் எனக்கு ஞாபகமில்லை என்று சொல்லிவிடு. வயசாகிவிட்டதல்லவா, ஏப்ரலில் ஓய்வு.

டப்பா இருக்கிறது. திறந்தேன். துரு பிடித்திருக்கிறது, கடிதங்கள் பத்திரம். 'நீ இல்லாமல் என்னாள் முடியாது' என்று எழுதியிருக்கிறேன். நீ 'என்னாள்' மேல் வட்டம் போட்டிருக்கிறாய். வாக்கியத்தை மட்டும் அடிக்கவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது.

வீட்டில் உன் மேஜையை நகர்த்தவில்லை. ஜன்னலோரம் அப்படியே இருக்கிறது. விடைத்தாள் கட்டு இல்லாமல் அதைப் பார்க்க என்னவோ போல் இருக்கிறது, அதனால் என் வகுப்புத் தாள்களை அதன் மேல் வைத்திருக்கிறேன். உட்கார்ந்து திருத்துவது மட்டும் வேறு இடத்தில்.

மாதாமாதம் பாட்டிலோடு படித்துறைக்கு இப்போதும் போகிறேன், தனியாக. பிள்ளைகளைக் கூப்பிட எனக்கு என்ன தகுதி? போன மாதம் விட்ட மீன் இன்னும் தொட்டியில் சுற்றுகிறது. ஒன்பது நிமிஷம் போய் இருபத்தாறு நாள். இதை ஓடிவந்து சொல்ல வீட்டில் ஆள் இல்லை. அதனால் உனக்கு எழுதுகிறேன்.

எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும் போல் இருக்கிறது. பிழை இருந்தால் திருத்திக்கொள்.

நல்ல தண்ணி


டிசம்பர் 9

அன்புள்ள உங்களுக்கு,

பதில் தாமதம். உங்கள் கடைசி வரியில் பிழை தேடினேன், கிடைக்கவில்லை. அதனால்தான் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. ஐந்து மாதம் என் கைப்பையிலேயே இருந்தது அந்தக் கடிதம்.

'கையில் கிடைத்த பேனா' என்பதைக் கோப்பில் வைத்தேன். யாரும் மேலே கேட்கவில்லை. கேட்பார்களோ என்று நான்தான் ஒவ்வொரு கூட்டத்திலும் வியர்த்துக்கொண்டிருந்தேன்.

பாடம் தப்பித்தது. தமிழ்த் துணைப்பாடத்தில்தான், ஆனால் அறிவியல் ஆசிரியர் நடத்த வேண்டும் என்று முடிவு. அந்தப் பக்கமும் இருக்கிறது. 'அவ்வூர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர், தம் மாணவர்களின் நோட்டில் இருந்ததற்கு மாறாகக் கையெழுத்திட்டார்.' பெயர் இல்லை. எதிர்ப் பக்கத்தில் நோட்டின் கடைசித் தாள், படமாக.

சோதனைப் பதிப்பை ஜனவரியில் ஆறு பள்ளிகளில் நடத்திப் பார்க்கப் போகிறார்கள். பட்டியலில் உங்கள் பள்ளியும் இருக்கிறது. நான் போடவில்லை, சத்தியமாக. ஒரு வார்த்தை எழுதுங்கள், எடுத்துவிடச் சொல்கிறேன். உங்களைப் பற்றிய பாடத்தை உங்கள் வாயாலேயே படிக்க வைக்க எனக்கு மனசு வரவில்லை. ஏப்ரலில் நிம்மதியாக வீட்டுக்குப் போங்கள்.

மகள் போனில் கேட்டாள், "அப்பாவுக்கு லெட்டர் போடுறியாமே, என்ன திடீர்னு?" என்று. ஆபீஸ் வேலை என்றேன். "ஆபீஸ் வேலைக்கு எதுக்கும்மா குரல் இப்படி இருக்கு?" என்றாள். வாய் ரொம்ப நீளம் அவளுக்கு, யாரைப் போலவோ.

தமிழம்மா


ஜனவரி 20

அன்புள்ள தமிழம்மா,

எடுக்கச் சொல்லி நான் எழுதவில்லை, கவனித்திருப்பாய். நேற்று நடத்திவிட்டேன். மூன்றாவது பீரியட்.

முதல் பக்கம் சரளமாகப் போனது. எழுதியது நீ அல்லவா, படிக்கப் படிக்க உன் குரல் கேட்டது. பாலத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு நிழலுக்காகச் சேலைகளைக் கட்டிவிட்டதை எழுதியிருக்கிறாய். அதில் ஒன்று உன் பச்சைச் சேலை, எனக்குத் தெரியும். இரண்டாம் பக்கம் வந்ததும் முன் பெஞ்சில் ஒரு பெண் படத்தில் விரலை வைத்து, "சார்! இது எங்க அண்ணன் எழுத்து!" என்று கத்தினாள். ஆம்புலன்ஸ்காரனின் தங்கை. வகுப்பே எழுந்து அவளிடம் ஓடியது. உட்கார வைக்கவே ஐந்து நிமிஷம் ஆனது. அப்புறம் அவளே கேட்டாள்.

"பொய்க் கையெழுத்துப் போட்ட அந்த சார் யாரு சார்?"

நான் திருப்பிக் கேட்டேன். "என்னை நீங்க எல்லாரும் நல்ல தண்ணின்னு கூப்பிடுறீங்கள்ல, ஏன்னு தெரியுமா?"

எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள், அடி விழும் என்று பயம். கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தன் மட்டும் மெதுவாக, "நீங்கதான் எப்பப் பார்த்தாலும் நல்ல தண்ணி குடிங்கடா, நல்ல தண்ணி குடிங்கடான்னு சொல்லுவீங்க சார், அதான்" என்றான். உண்மையாகவே அவர்களுக்குத் தெரியாது, தமிழம்மா! காரணம் போய்ப் பெயர் மட்டும் வந்து சேர்ந்திருக்கிறது. விட்டிருந்தால் அப்படியே ஓய்வு பெற்றிருக்கலாம்.

"அந்த சார் நான்தான்" என்றேன்.

அந்தப் பெண் புத்தகத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கேட்டாள், "வீட்டுல யாரும் போடாதீங்கன்னு சொல்லலையா சார்?"

"வீட்டுல யாருக்கும் தெரியாதும்மா" என்றேன்.

மணி அடித்தது. எப்போதும் அடித்துப் பிடித்து ஓடுகிறவர்கள், நேற்று ஒவ்வொருவராகப் போனார்கள். அவள் மட்டும் வாசல்வரை போய்த் திரும்பி, "அடுத்த மாசம் பாட்டில் எடுக்க நான் வரட்டா சார்?" என்றாள். சரி என்றேன். வாய் சொன்னது, கண்தான் சொன்னபடி கேட்கவில்லை.

மனசு லேசாக இருக்கிறது. நீ எதற்காகப் போனாயோ, அதை ஊர் முன்னால் சொல்லிவிட்டேன். வா என்று கூப்பிட மாட்டேன். உன் மேஜை ஜன்னலோரமாகவே இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

நல்ல தண்ணி


ஜனவரி 26

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதத்தைத் திருத்தித் திருப்பி அனுப்புகிறேன். எழுத்துப் பிழைகளை விட்டுவிட்டேன். ஒரே ஒரு வரியைச் சிவப்பில் அடித்திருக்கிறேன். 'வீட்டுல யாருக்கும் தெரியாதும்மா.'

அது தவறு. உங்களுக்கும் தெரியும்.

வாசலில் பியூன் நின்றார். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். தாளைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்து, "என்ன பண்ணட்டும்?" என்று கேட்டீர்கள். போடாதீர்கள் என்று நான் சொல்வேன் என்று நம்பித்தான் கேட்டீர்கள், முகத்திலேயே தெரிந்தது. "ஊரைக் காப்பாத்துறது நம்ம வேலையா? நமக்கு ஒரு பிள்ளை இருக்கு. போட்டுத் தொலைங்க" என்றேன். திருத்திக்கொண்டிருந்த பேனாவை உங்கள் கையில் திணித்தேன். பாலத்துக்குப் பச்சைச் சேலையைக் கொடுத்த அதே கையால்.

பிறகு தெருவில் 'நல்ல தண்ணி சார் வீட்டம்மா' என்று கேட்கும்போதெல்லாம் உடம்பு கூசியது. கூசியது உங்களால்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டு வருஷம் குத்திக் குத்திப் பேசினேன். எந்தச் சண்டையிலாவது ஒரு தடவை, "நீதானேடி போடச் சொன்னே" என்று நீங்கள் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் கத்தியிருப்பேன், அழுதிருப்பேன், அங்கேயே இருந்திருப்பேன். நீங்கள் வாயே திறக்கவில்லை. அதைத் தாங்க முடியாமல்தான் போனேன். உங்கள் கையெழுத்துக்காகப் போகவில்லை.

எழுதிக் கேட்டபோதும் 'வேறு யாரும் இல்லை' என்றீர்கள். பேனாவைக் கேட்டபோதும் 'கையில் கிடைத்த பேனா' என்றீர்கள். உண்மையை எழுதுங்கள் என்று உங்களிடம் கேட்டுவிட்டு, கோப்பை மூடும்போது நிம்மதியாக மூச்சு விட்டவள் நான். இப்போது ஒரு குழந்தையிடமும் எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறீர்கள். போதும்.

நேற்று தலைவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன், சிவப்பு மை யாருடையது என்று. பாடத்தை வேறு கைக்கு மாற்றுவார்களோ, என்னை மாற்றுவார்களோ தெரியாது. பக்கத்தை மட்டும் எடுக்க முடியாது, இனி சாட்சி இரண்டு.

வெள்ளிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் வருகிறேன். மூன்றாவது பீரியட் அந்த வகுப்பு உங்களுடையதுதானே? முன் பெஞ்சுப் பெண்ணிடம் நானே சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு வீட்டுக்கு வரலாமா என்பதை நீங்கள் சொல்லுங்கள். எனக்கு வர வேண்டும். பதினோரு வருஷமாக வர வேண்டும். எழுத வேண்டாம், பஸ் நிறுத்தத்தில் நின்றால் புரிந்துகொள்வேன். நிற்காவிட்டாலும் நேரே பள்ளிக்கூடத்துக்குத்தான் வருவேன்.

இப்படிக்கு,
அன்று வீட்டில் இருந்தவள்